கத்திரிப்பூப் படலம்

சொட்டு மருந்து விழுந்துவிட்டது, எரிகிறது, எரியட்டும், இன்னும் நாற்பது நிமிஷத்துக்குக் கண்ணைத் திறக்கக் கூடாதாம். நர்ஸ் பெண் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டு, "மூடிக்கிட்டே இருங்கம்மா, நான் வந்து சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. கூட யாரு வந்திருக்கா?" என்றாள். யாரும் வரவில்லை என்றேன். "தனியாவா? திரும்பிப் போறப்ப வெளிச்சம் கூசும்மா, வண்டி கிண்டி ஓட்டிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தாடைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரரிடம் ஆய்வகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்த வயதில் ஒரு பொய். முட்டிவலியோடு அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது என்பது சொல்லிக்கொள்ள ஒரு காரணம். உண்மையான காரணம், டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை வேறு யாரும் கேட்குமுன் நான் கேட்டுவிட வேண்டும். திருச்சியில் மே மாதத்துக் காலை, மின்விசிறி சுற்றுகிற சத்தம் வருகிறது, காற்று வரவில்லை. மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்: சுவரோரமாக இருபது இருபத்தைந்து பேர், எல்லாரும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, பிரசாதம் விழப்போகிறது போல. இப்போது நானும் அதில் ஒருத்தி. டாக்டர் குமுதவல்லி, முதுநிலை விஞ்ஞானி, நிறம் மாறும் பாலிமர்கள் பிரிவு, ஓய்வு பெற இன்னும் ஆறு வாரம். இங்கே அந்த டாக்டரெல்லாம் செல்லாது, டோக்கன் நாற்பத்தொன்று.

சுவர். அதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன், வேறு எதையாவது நினை என்றால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் பார்வை பார்க்கிற அறையில் ஒரு பெண் என் மூக்கில் அந்தக் கனத்த கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, வலது கண்ணை மறைத்து எழுத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு மறைப்பை இடது கண்ணுக்கு மாற்றினாள். எழுத்து மங்கல், அது பரவாயில்லை, வயதானால் மங்கத்தான் செய்யும். ஆனால் எழுத்துப் பலகையைச் சுற்றியிருந்த சுவர்! இடது கண்ணுக்கு வெள்ளையாக இருந்த அதே சுவர் வலது கண்ணுக்கு டீத்தண்ணியில் முக்கியெடுத்த வேட்டி மாதிரி இருந்தது. "இன்னொரு தடவை மாத்துங்க" என்றேன். மாற்றினாள். வெள்ளை. "இன்னொரு தடவை." டீ. "எழுத்தப் படிங்கம்மா, செவுத்த ஏன் பாக்குறீங்க?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், நான் எழுத்தைவிட நிறத்தைத்தான் அதிகம் படித்தவள். அந்த வலது கண். அந்த வலது கண்ணில்தானே லென்ஸை மாட்டிக்கொள்வேன். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தக் குழல் லென்ஸ். இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பேன், பார்த்துவிட்டு நிறத்தைச் சொல்வேன், சொன்னால் சொன்னதுதான். ரெஜினாவின் ஃபிலிமையும் அப்படித்தான் பார்த்தேன். வந்துவிட்டது அந்தப் பெயர். வராமலிருக்க மின்விசிறி, டோக்கன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், வந்துவிட்டது.

சரி, முதலிலிருந்து வருவோம், நோட்டில் எழுதுவது போல வரிசையாக. எங்கள் ஆய்வகத்தில் என் சட்டம் ஒன்றே ஒன்று: வாயால் சொன்னது காற்றோடு போச்சு, நோட்டில் எழுதினதுதான் நடந்தது. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே மூன்று தடவையாவது இதை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "மேடம், நேத்து நல்லா வந்துச்சு" என்பார்கள், "நோட்டுல எழுதுனியா?" என்பேன், முழிப்பார்கள். வரிசையாக, வரிசையாக. நான் சேர்ந்தபோது வயது இருபத்தெட்டு. நீலமான ஒரு பாலிமர், சூடு பட்டால் சிவப்பாகும், அதைப் பிளாஸ்டிக் தாளில் மெல்லிய ஃபிலிமாகப் பூச வேண்டும், அவ்வளவுதான் வேலை. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒன்று வந்து போகும். அதை ஒருத்தர் ஊதா என்பார், ஒருத்தர் வயலட் என்பார், தினம் சண்டை, நான்தான் கத்திரிப்பூ என்று பெயர் வைத்தேன். புடவைக் கடையில் பழகின கண். நீலம் என்று மொட்டையாகச் சொன்னால் எந்த நீலம், ஆனந்தா நீலமா, மயில்கழுத்தா? சிவப்பு என்றால் அரக்கா, மிளகாய்ப்பழமா? எங்கள் நோட்டு முழுக்க இந்தப் பெயர்கள்தான், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஜவுளிக்கடைப் பட்டியல் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். முதல் வருஷமே ஒரு நாள் நினைவில்லாமல் டீ கிளாஸை ஒரு ஃபிலிமின் மேல் வைத்துவிட்டேன். எடுத்தால் நீலத்தின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம், வளையல் மாதிரி. என்ன அழகு! ஆறினால் போய்விடும் என்று காத்திருந்தேன். சாயங்காலம் வரை போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அந்தப் பாலிமர் அப்படித்தான், சிவந்தால் சிவந்ததுதான். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. போன நிறம் திரும்பி வர வேண்டும். குழந்தை நெற்றியில் ஒரு துண்டு ஒட்டினால் காய்ச்சல் ஏறும்போது சிவக்க வேண்டும், இறங்கினால் நீலமாக வேண்டும், எழுத்துத் தெரியாத தாய்க்கும் அது தெரிய வேண்டும். ஏறினது மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம், இறங்கினதும் தெரிந்தால்தானே அவள் கொஞ்சம் கண்ணயர்வாள். இதைச் சொல்லிச் சொல்லியே முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது. கட்டுரைகள் வந்தன, மாநாடுகளில் சால்வை போர்த்தினார்கள், என் ஃபிலிம்கள் சிவந்தன, ஆறினதும் கத்திரிப்பூ வரைக்கும் வந்தன, அங்கேயே நின்றன. ஒன்றுகூட முழுசாகத் திரும்பவில்லை. அலுப்பாக இருக்கிறது, நினைப்பதற்கே அலுப்பாக இருக்கிறது.

ஆனால் கண்ணு மேடம் என்று பெயர் எடுத்தேன், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. நிறத்தை அளந்து கிராஃப் போட்டுக் கொடுக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களிடம் ஒன்று உண்டு. எனக்கு முப்பத்திநாலு வயதில், அது ஒரு ஃபிலிமைப் பார்த்து நிறம் அப்படியேதான் இருக்கிறது என்றது, நான் வெளுத்துவிட்டது என்றேன். ஒரு வாரம் சண்டை. சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்து திறந்து பார்த்தால் உள்ளே விளக்கு சாகக் கிடக்கிறது. அப்போதிருந்த தலைவர் எல்லார் முன்னாலும், "குமுதவல்லி கண்ணு இருக்கறப்ப நமக்கு மெஷின் எதுக்குய்யா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். சொந்தத்தில் கல்யாணப் பட்டு எடுப்பதென்றால் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். போன மாசம் என் பிரிவுபசார விழாவுக்கு ஆனந்தா நீலத்தில் ஒரு புடவை எடுத்து, சின்னக்கடை வீதியில் மேட்சிங் சென்டரில் ஜாக்கெட் துணி பார்த்தேன். கடைப் பெண், "அது மயில்கழுத்து மேடம், உங்க புடவைக்குச் சேராது" என்றாள். "நீ எத்தனை வருஷமா இந்தக் கடையில இருக்கே?" என்று கேட்டேன். "வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்க மேடம்" என்றாள், நான் போகவில்லை, என் கண்ணுக்கு வாசல் வெளிச்சம் வேறு வேண்டுமா. தைத்துக் கட்டிப் பார்த்தபோது வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏன் குமுதம், ஜாக்கெட்டு வேற புடவையோடதா?" என்றார். பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அவருக்கே தெரிகிறது என்றால்? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த ஜாக்கெட்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது.

பக்கத்தில் யாரோ இருமுகிறார், வயதானவர், வெற்றிலை வாசனை வருகிறது. "மருதாயி, மணி என்ன ஆச்சு?" "இப்பத்தான மாமா கேட்டீங்க. பத்தே முக்கா." மருமகள் போலிருக்கிறது, குரலில் சலிப்பும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பிப் பேசுகிறார் என்று மூச்சிலிருந்து தெரிகிறது. "ஒங்களுக்கும் படலமாங்க? எனக்கு ரெண்டு கண்ணுலயும் படலம் விழுந்திருச்சுன்னு சொல்லிப்புட்டாக. வயசானா விழத்தான செய்யும், இதுல என்ன வெக்கம்." நான் ம் என்றேன். படலம். அடப்பாவி, அந்தச் சொல்லா இப்போது வர வேண்டும். எங்கள் நிறுவனத்தின் தமிழ் மலருக்குக் கட்டுரை எழுதும்போது ஃபிலிமுக்கு என்ன சொல் என்று தேடி நான்தான் படலம் என்று போட்டேன், நிறம் மாறும் படலங்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்த ரெஜினா நிறுத்திவிட்டு, "படலம்னா கண்ணுல விழறது இல்லையா மேடம்? எங்க அப்பாவுக்கு விழுந்துச்சே" என்றாள். "புராணத்துல ஒவ்வொரு பகுதியும்கூடப் படலம்தான், அதுக்காக நம்ம ஃபிலிமைப் பாராயணமா பண்ணப்போறாங்க?" என்றேன். சிரித்தாள். சிரித்தால் அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும். அவளோடு நான் சிரித்துப் பேசின நாட்கள்தான் அதிகம், அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தது வேறு. சுவர் வெள்ளை, சுவர் டீ. கண் மூடியிருக்கும்போதும் அது மாறி மாறித் தெரிகிறது, இமைக்குள்ளே ஒரு ஆரஞ்சு, அதை நம்பலாமா என்று தெரியவில்லை.

ரெஜினா லால்குடிக்காரி. ஒப்பந்தத்தில் திட்ட விஞ்ஞானியாக வந்தவள், வருஷா வருஷம் நீட்டிப்பு, நீட்டிக்க நான் கையெழுத்துப் போட வேண்டும். தீர்ந்துபோன ஊதுபத்திக் குழாய்களில் ஃபிலிம்களைச் சுருட்டி வைப்பாள், ஆய்வகமே மாதா கோயில் மாதிரி மணக்கும், திட்டியிருக்கிறேன். மூன்றாம் வருஷம் ஒரு யோசனை சொன்னாள். பாலிமர் சங்கிலிகளின் ஓரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற கொக்கி போல ஒன்றைச் சேர்த்தால், சூட்டில் சங்கிலி நெளிந்தாலும் கொக்கி விடாது, ஆறினதும் பழைய இடத்துக்கே இழுத்துவிடும் என்றாள். அதை நான் பத்து வருஷம் முன்பே யோசித்து, 'இது வேலைக்கு ஆகாது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். காட்டினேன். "சரி மேடம்" என்றாள். செய்துவிட்டாள். போன வருஷம் மார்ச் மாதம் மதிப்பாய்வுக் கூட்டம், ஐந்து பேர் மேஜையைச் சுற்றி, அவள் நின்றுகொண்டு ஃபிலிமைச் சூடான தட்டில் வைத்தாள், சிவந்தது, எடுத்தாள், விசிறியடியில் பிடித்தாள், எல்லாரும் பார்த்தோம். பிறகு என்னிடம்தான் கொடுத்தாள். நான் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். கலங்கல், சிவப்பு ஓடின கலங்கல். "திரும்பல. கத்திரிப்பூவுலயே நிக்குது" என்றேன். எதிரே இருந்த ஒருத்தர் மட்டும் மெதுவாக, "எனக்கு நீலமாத்தான் தெரியுது" என்றார். "நீங்க போட்டிருக்கிற பேண்ட் என்ன கலர்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதற்குமேல் பேசவில்லை. ரெஜினா ஸ்பெக்ட்ரோமீட்டர் கிராஃபை எடுத்து என் முன்னால் வைத்தாள். சூட்டுக்கு முன் ஒரு கோடு, ஆறின பின் ஒரு கோடு, ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்திருந்தன. அப்போது நான் கேட்டேன். "இந்த கிராஃப் எந்த ஃபிலிமோடது?" அவ்வளவுதான் கேட்டேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. வேறு ஃபிலிமின் கிராஃபை வைத்து ஏமாற்றுகிறாள் என்று நான் சொல்லவே இல்லை, கேட்டேன், அவ்வளவுதான். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இங்க அழுகைப் படலம்லாம் வேண்டாம் ரெஜினா" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். 'நிறம் முழுமையாகத் திரும்பவில்லை. தரவுகளின் நம்பகத்தன்மை கேள்விக்குரியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீட்டிப்பு வரவில்லை. அந்த வரியைப் படித்த எந்த ஆய்வகமும் அவளை எடுக்கவில்லை. இப்போது ஊரிலேயே ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறாளாம்.

டாக்டர் இதைப் புரை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இதைத்தான் காலையிலிருந்து மனசு எங்கேயோ ஒரு மூலையில் சொல்லிக்கொண்டிருக்கிறது, வெட்கமில்லாமல். மஞ்சள் பூத்த கண், நீலத்தை உள்ளே விடவில்லை, நீலம் குறைந்தால் கலங்கலாகத்தானே தெரியும், நான் என்ன செய்வேன், கண் செய்த தப்பு. அறுவைசிகிச்சை, இரண்டு நாள் ஓய்வு, கண்ணில் பச்சைத் துணி, பாவம் மேடம் என்பார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். சரி, கண் கோணல், ஒத்துக்கொள்கிறேன். கிராஃப்? கிராஃபை நான் கண்ணால்தானே பார்த்தேன், கறுப்புக் கோட்டைப் பார்க்க நீலம் எதற்கு, இரண்டு கோடும் படிந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. அந்த வாரம் மெஷினைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். விளக்கு சாகவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் ஏன் கேட்டேன்? இங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் இங்கேதான். மறுபடி சுவருக்குப் போய்விடுகிறேன், வெள்ளை, டீ, வெள்ளை. சந்தேகம் வந்தது, கேட்டேன், விஞ்ஞானத்தில் கேள்வி கேட்கக் கூடாதா. கேட்கலாம், குமுதவல்லி. சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை அளக்கச் சொல்லியிருப்பாய், பக்கத்து அறையில்தான் மெஷின் இருந்தது, பத்து நிமிஷ வேலை. நீ சொல்லவில்லை. அளந்தால் சரியாக வந்துவிடுமோ என்று பயந்தாய். முப்பத்தோரு வருஷம் எனக்கு வராதது மூன்று வருஷத்தில் அவளுக்கு வந்தது, அதுவும் நான் அடிக்கோடு போட்டு அடித்த வழியில். இரண்டு கோடும் படிந்திருந்ததைப் பார்த்த அந்த நொடி எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ஃபிலிம் இப்போது என் கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, பதினாலு மாசமாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யாரும் பார்க்காதபோது எடுத்து வைத்துக்கொண்டேன். திரும்பாத ஃபிலிம் என்றால் குப்பையில் போட வேண்டியதுதானே, எதற்கு எடுத்தேன், எடுத்தவள் ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? கழுத்து வலிக்கிறது. இப்படியே நர்ஸ் வந்து திற என்று சொல்லாமலே விட்டுவிட்டால்கூட நல்லதுதான்.

"நாப்பத்தொண்ணு, கண்ணத் தொறங்கம்மா." திறந்தேன். அப்பா, என்ன வெளிச்சம்! ஜன்னல் முழுக்கப் பாலாகக் கொதிக்கிறது, எதிரே இருக்கிற முகங்களுக்கு ஓரமே இல்லை. நர்ஸ் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்து, "நல்லா விரிஞ்சிருச்சு. டாக்டர் கூப்பிடுவாரு, அஞ்சு நிமிஷம். கிட்டத்துல ஒண்ணும் தெரியாது, பயப்படாதீங்க" என்றாள். பையைத் தடவிக் கண்ணாடிக் கூட்டை எடுத்தேன், திறந்தேன், விரலில் ஃபிலிம் வழுக்கியது. அரைச் சாண் நீளத் துண்டு. மங்கலாக ஏதோ நிறம், என் கண் என்ன சொல்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, இனி அதனிடம் கேட்பதாக இல்லை. பக்கத்தில் மருதாயி பிளாஸ்கைத் திருகி அதன் மூடியில் மாமனாருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், ஏலக்காய் வாசனை. "ஏம்மா, ஒரு உதவி பண்றியா? இது என்ன நிறம்னு சொல்லு" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்திருப்பாள். "நீலங்க." "அந்த டீ மூடியோட வெளிப்பக்கம் இதை ஒட்டிப் பிடி." "சுடுதுங்க, பாத்து." பிடித்தாள். "ஆத்தீ!" என்றாள். "மாமா, இங்க பாருங்க, மொளகாப்பழமா செவந்துருச்சு!" "எனக்கெங்க தெரியுது, நீயே பாரு" என்றார் கிழவர். "இப்ப எடுத்து விசிறிக் காத்துல காட்டு" என்றேன். எழுந்து நின்று கையைத் தூக்கிப் பிடித்தாள். திரும்பாதே என்று நினைத்தேன், ஆமாம், அப்போதும் ஒரு கணம் அப்படி நினைத்தேன், பதினாலு மாசம் கிடந்த ஃபிலிம், கெட்டுப்போயிருந்தாலும் நியாயம்தான். "செவப்புப் போவுதுங்க… ஊதா… ஊதாவும் போவுது." "கத்திரிப்பூ நிறத்துல நிக்குதா? நல்லாப் பாரு, கத்திரிப்பூ." "எந்தக் கத்திரிங்க?" "எந்தக் கத்திரின்னா?" "மணப்பாறைப் பக்கம் நாங்க கத்திரிதான் போட்டிருக்கோம். நாட்டுக் கத்திரி ஊதாவாப் பூக்கும், வெள்ளைக் கத்திரின்னா வெள்ளையாவே பூக்கும். இது எந்தக் கத்திரிப்பூவும் இல்லீங்க. நீலம். மொதல்ல இருந்தாப்பல அதே நீலம்." முப்பத்தோரு வருஷம் நோட்டு நோட்டாக எழுதினேன் கத்திரிப்பூ என்று, எந்தக் கத்திரி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் நானும் பார்த்தேன். ஆனந்தா நீலம். என் புடவையேதான்.

ரெஜினாவின் எண் மனப்பாடம், நாலு வருஷம் தினம் கூப்பிட்ட எண். நான் சொல்லச் சொல்ல மருதாயி என் போனில் அழுத்திக் கொடுத்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லுங்க மேடம்." பின்னால் குக்கர் சத்தம், பள்ளி விடுமுறை போலிருக்கிறது. "ரெஜினா, திரும்பி வந்துடுச்சும்மா" என்றேன். "எது மேடம்?" "உன் ஃபிலிம். நீலத்துக்கு. முழுசா." "அது அன்னைக்கே வந்துடுச்சு மேடம்" என்றாள். கோபம்கூட இல்லை, வகுப்பில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "எனக்குக் கண்ணுல புரை போலிருக்கு, ரெஜினா. வலது கண்ணு. லென்ஸ் வைக்கிற கண்ணு. இப்பக் கண்ணாஸ்பத்திரியிலதான் இருக்கேன், இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அதனாலதான் அன்னைக்கு எனக்கு…" "ஐயோ, ஆபரேஷனா மேடம்? பயப்படாதீங்க, எங்கப்பாவுக்கும் பண்ணுனோம், ஒண்ணுமே தெரியாது. கூட சார் வந்திருக்காங்களா?" உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்கிறாள், அதைக் கேட்டதும் எனக்கு அழுகைப் படலம். அது முடியும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கண்ணு சரி மேடம். கிராஃப்?"

பதில் எனக்குத் தெரியும், காலையிலிருந்து அந்தச் சுவரில் முட்டி முட்டித் திரும்பியதே அதற்காகத்தானே. "கிராஃப் நல்லாத் தெரிஞ்சுது ரெஜினா. சரின்னும் தெரிஞ்சுது. பொறாமை. எனக்கு வரல, உனக்கு வந்துடுச்சேன்னு." அந்தப் பக்கம் குக்கரை நிறுத்திவிட்டாள் போல. மருதாயி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், கிழவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், கேட்கட்டும். மன்னித்துவிட்டேன் என்பாள், விடுங்க மேடம் என்பாள் என்று எதிர்பார்த்தேன், நல்ல பெண், சொல்லிவிடுவாள். "நோட்டுல எழுதுங்க மேடம்" என்றாள். ஆமாம். வாயால் சொன்னது காற்றோடு போச்சு. "நாளைக்கு ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையா…" என்று ஆரம்பித்தேன், நிறுத்தினேன். நாளைக்கு என்றால் கண் மேல் பழியைப் போட்டு நாலு கௌரவமான வாக்கியம் தயார் செய்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. "போனை வைக்காதே, இரு" என்று சொல்லிவிட்டு மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தேன். "நாப்பத்தொண்ணு! டாக்டர் கூப்பிடறாரு, வாங்கம்மா." "அடுத்தவங்களை அனுப்புங்க, எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். வெள்ளைத்தாள் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை, கை தன் பாட்டுக்கு எழுதியது, சின்னக் குழந்தை எழுதுவது போலப் பெரிசு பெரிசாக. எழுதி மருதாயியிடம் கொடுத்தேன். "வரி மேல வரி ஏறியிருக்கா? வாசிக்க வருதா பாரு." அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தாள், போன் பக்கத்திலேயே. "ரெஜினா… செய்த படலம்… முழுமையாக நீலத்துக்குத் திரும்பியது. கிராஃப் சரி. அது எனக்கு… அன்றே தெரியும். பொறாமையால்… பொய் எழுதினேன். இப்படிக்கு, குமுதவல்லி." வாசித்துவிட்டுச் சீட்டை என்னிடம் நீட்டினாள். போனில் ரெஜினா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தேதி போடல மேடம்" என்றாள். சீட்டை வாங்கி, விரலால் தடவி, கடைசி வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டேன்.